கழுவின காசுக்குத் தரம் கிடையாது

ஒரு ஊராம், ஊருக்கு ஒரு ஆறாம், ஆறு நிறைய மணலாம், தண்ணீர் மட்டும் நினைத்தால்தான் வருமாம். வராத நாட்களில் ஊர்க்காரர்கள் சல்லடையோடு இறங்கி மணலைச் சலிப்பார்களாம், சலிக்கச் சலிக்கக் காசு வருமாம். சேரன் காசு, ரோமாபுரிக் காசு, நவாபு காசு, வெள்ளைக்காரன் காசு என்று எந்த ராஜாவின் ஆள் எந்தத் துறையில் குளிக்கும்போது மடியிலிருந்து நழுவவிட்டதோ அதெல்லாம் அந்த ஒரே மணலில், ஒருத்தர் மேல் ஒருத்தர், சண்டையில்லாமல் படுத்துக் கிடக்குமாம். கரூருக்கு மேற்கே அமராவதிக் கரையில் இருக்கிற அந்த ஊருக்குப் பேர் மணற்புதூர். ரொம்பக் காலத்துக்கு முன்னால் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும், ஆனால் இது நடந்தது போன ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில்தான்.

அந்த ஊரில் பாலத்தை ஒட்டின கொசுவலைக் கடைக்கு மேலே, கிழக்கே பார்த்த ஒரே ஒரு ஜன்னல் இருக்கிற அறையில், அர்த்தநாரி என்று ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். காசுக்குத் தரம் சொல்வது அவர் வேலை. வயது நாற்பத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். கோயமுத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் காசு சேர்க்கிறவர்கள் வருவார்கள். ஆற்றில் எடுத்தவர் ஒரு பக்கம், வாங்க வந்தவர் ஒரு பக்கம், நடுவில் அர்த்தநாரி காசை விளிம்போடு இரண்டு விரலில் பிடித்து, ஜன்னல் வழியாகச் சாய்ந்து வருகிற எட்டு மணி வெயிலில் மெல்லத் திருப்புவார். எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடுவார். உச்சி வெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும், டியூப் லைட் பொய் சொல்லும், சாய்ந்த வெயில் ஒன்றுதான் மேட்டுக்குப் பின்னால் ஒரு நிழலை வைத்து உள்ளதை உள்ளபடி காட்டும் என்பார்.

வாங்க வருகிறவர்கள் தரத்தை இங்கிலீஷ் எழுத்தில் வி.எஃப். என்பார்கள், எக்ஸ்.எஃப். என்பார்கள், யூ.என்.சி. என்பார்கள். அர்த்தநாரியிடம் இருந்தது நாலே வார்த்தை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் கட்டைவிரலுக்கு மட்டும் ஏதோ தட்டுப்பட்டால் அது தடவல். ஒரு ராஜா இருக்கிறார் என்று தெரிந்து எந்த ராஜா என்று தெரியாவிட்டால் தேய்வு. மூக்கும் காதும் கிரீடமும் பிரிந்து தெரிந்தால் தெளிவு. ஒரு கையும் படாமல், அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்தது போல இருந்தால் பிறந்தமேனி. அந்தக் கடைசி வார்த்தை மாடியிலிருந்து கேட்கும்போதெல்லாம் கீழே கடையில் வலை மடிக்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அவருக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, கழுவின காசுக்குத் தரம் சொல்ல மாட்டார். மணற்புதூர்க்காரர்களுக்கு இது லேசில் விளங்கவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கைகால் கழுவத் தண்ணீர் கொடுக்கிற ஊர் அது. ரெண்டாயிரம் வருஷம் சேற்றில் கிடந்தவரை அப்படியே ஒரு ஜன்னலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது எப்படி என்று, புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று துலக்கி, வெற்றிலையில் வைத்து எடுத்து வருவார்கள்.

"களிம்பெல்லாம் போயிருச்சேங்க, இனி இது எந்தக் காலத்துக் காசுன்னு எப்படிச் சொல்றது?" என்று அர்த்தநாரி தலையில் கைவைப்பார்.

"மூஞ்சி கழுவாம ஒரு ராஜாவை எப்படிங்ண்ணா நாலு பேர் முன்னால கூட்டியாரது?" என்பார்கள்.

இரண்டாவது சட்டம், தன் காசுக்குத் தான் தரம் சொல்ல மாட்டார். இருபது வயதில் ஆற்றில் அவருக்கே ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது. மூன்று மாசம் பார்த்துப் பார்த்துத் தெளிவு என்று வைத்திருந்தார். கரூரில் ஒருத்தர் ஒரே ஒரு தரம் திருப்பிவிட்டுத் தேய்வு என்று கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்கு முடிவு செய்தார். "கண்ணுல ஆசை வந்துட்டா தேஞ்சதும் தெளிஞ்சதாட்டந்தானுங்க தெரியும். என் காசை வேற யாராச்சும்தான் பாக்கோணும்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வார்.

போன ஐப்பசியில் இரண்டு நாள் ஆற்றில் தண்ணீர் போனது. வடிந்த மறுநாள் காலையில் மளிகைக்கடைச் சுப்பராயன், ராசிக்காகக் கல்லாவில் போட்டு வைத்திருந்த வெள்ளி ரூபாயை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மாடிக்கு வந்தார். கிரீடம் இருந்த இடத்தில் ஒரு உருமால் இருந்தது, மூக்கோரம் ஒரு மரு இருந்தது.

"எங்கப்பனுங்ண்ணா" என்றார் சுப்பராயன்.

அர்த்தநாரி வெயிலில் பிடித்துத் திருப்பினார். "ஆமாங்க. இப்போதைக்குத் தேய்வு. இன்னும் ரெண்டு நாள் போனாத் தெளிஞ்சுருவாருங்க."

"காது அத்தன பெருசாவா இருந்துச்சு?"

"உங்க காதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

சுப்பராயன் தொட்டுப் பார்த்துவிட்டு, சரிதான் என்று கடை திறக்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஊரிலிருந்த பழைய காசெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முகம் மாறியது. குலதெய்வத்துக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணியை அவிழ்த்தார்கள், அரைஞாண் கயிற்றில் கோத்ததை அறுத்தார்கள், வீடு கட்டும்போது வாசல் நிலைக்கு அடியில் போட்டதை எடுக்கக் கடப்பாரை தேடினார்கள். ராஜாக்களும் ராணிகளும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்து இடம்விட, அந்தந்தக் காசை ரொம்ப நாள் கையில் வைத்திருந்து செத்துப்போனவர் யாரோ அவர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் காசுக்கு ஓர் இலை போட்டார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அரை ரூபாயில் அப்பா வந்துவிட்டதால் மாசத்துக்கு ஒரு வீடு என்று பேசி முடித்தார்கள். ஒருத்தி சமைக்கும்போது மட்டும் மாமியாரைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்; "இப்பவும் கொழம்பை எட்டிப் பாக்கறாங்க" என்றாள். போன வருஷம் காசு விற்ற ஒருத்தர் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோயமுத்தூர் போய், "தெரியாம எங்கம்மாவை வித்துப்புட்டனுங்க" என்று அழுது வாங்கி வந்தார். அங்கே ராணியாகவே இருந்த காசு, ஊர் எல்லைக்கல்லைத் தாண்டினதும் காதில் தோடு மாறி மூக்குத்தி போட்டுக்கொண்டது. மாரியம்மன் கோயில் உண்டியலைத் திறந்த பூசாரி, யார் யாரோ வந்திருப்பதைப் பார்த்து, வேட்டியை விரித்துக் கொட்டி, "அவங்கவங்க ஆளை அவங்கவங்க கூட்டிட்டுப் போங்க" என்றார். கூட்டிப்போக யாரும் இல்லாதவர்களை ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு போய் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

செத்தவர்கள்தான் வருவார்கள் என்பது ஆட்டு வியாபாரி மாரப்பனால் தெரிந்தது. அவர் மனைவி வைத்திருந்த காசில் மனைவி வந்துவிட்டார்; அவரே ஐம்பது வருஷமாக இடுப்பில் வைத்திருந்த காசு மட்டும் வழவழவென்று சும்மா இருந்தது. "நான் இன்னும் போகலையேப்பா, அப்புறம் எப்படி வருவேன்?" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். கார்த்திகை பிறந்த அன்று காலை பதினொரு மணிக்கு மாரப்பன் போய்ச் சேர்ந்தார். குளிப்பாட்டத் தண்ணீர் காய்வதற்குள் காசில் மீசை வந்துவிட்டது.

முகங்கள் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அதிகாலைப் பனியில் பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு ஆள் நடந்து வருவது போல, முதலில் இருக்கிறதா இல்லையா என்று, அப்புறம் ஆணா பெண்ணா என்று, அப்புறம் நம்ம ஆளா என்று மெல்ல வரும். பார்க்கிறவர்களுக்கோ மனசெல்லாம் ஆசை. வெறும் கீறலைப் பார்த்து அம்மாவின் புருவம் என்று அழுதவர்களும் உண்டு. அதனால் எல்லாரும் காலையில் அர்த்தநாரியின் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர் வெயிலில் திருப்பித் தடவல் என்றால் இன்னும் தூரத்தில் வருகிறார் என்று அர்த்தம், தேய்வு என்றால் பாலம் ஏறிவிட்டார், தெளிவு என்றால் வாசலுக்கு வந்துவிட்டார். பிறந்தமேனி என்று அவர் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாரும் யார் கையாவது பட்டு வாழ்ந்தவர்கள்தானே என்பார்.

கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை, வரிசை முடிகிற நேரத்தில், வலது கையை இறுக்கி மூடிக்கொண்டு துளசிமணி படியேறி வந்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொசுவலைக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவள் துளசிமணி. முப்பத்தேழு வயது. மாமியார் பாவாத்தாளும் அவளும் இரண்டே பேர்தான் வீட்டில். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அவள் புருஷன் குழந்தைவேலு போர்வெல் லாரியில் வேலைக்கு வடக்கே போனார்; பேர் வாயில் நுழையாத ஏதோ ஒரு ஊரில், ரோட்டோரம் லாரியை நிறுத்தியபோது பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்க இறங்கினார். வாங்கியிருந்தால் டீ ஆறிப்போயிருக்கும் நேரம் வரைக்கும் மற்றவர்கள் காத்திருந்தார்கள், அப்புறம் தேடினார்கள், கூப்பிட்டார்கள், போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், அவர் இல்லாமல் திரும்பி வந்தார்கள். அது நடந்து பதினோரு வருஷம். குழந்தைவேலுவிடம் சின்ன வயதிலிருந்து ஒரு காலணா இருந்தது. யோசனை வந்தாலும் கவலை வந்தாலும் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக் கட்டைவிரலால் அதைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். தேய்த்துத் தேய்த்தே உள்ளேயிருந்த ராஜாவை ஒன்றுமில்லாமல் செய்துவிட்டிருந்தார். வடக்கே கிளம்பின காலையில், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அதை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குள் புதைத்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் காசில் முகம் வந்தால் குழந்தைவேலு இல்லை. வராவிட்டால் எங்கேயோ இருக்கிறார். லாரிக்காரர்களும் போலீஸ்காரர்களும் ஜோசியக்காரர்களும் பதினோரு வருஷமாகச் சொல்ல முடியாத ஒரு சொல்லை அந்தக் காலணா சொல்லிவிடும்.

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் அர்த்தநாரியண்ணா, அர்த்தநாரியண்ணா என்று கூப்பிடுகிற இடத்தில் துளசிமணி, "ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கையைத் திறந்தாள்.

அர்த்தநாரி பார்த்தார். காசு உரித்த தோல் மாதிரி சிவப்பாகப் பளபளத்தது.

"புளி போட்டிருக்கீங்களே அம்மிணி."

"நேத்து வியாழக்கிழமைங்க. வெளக்குத் துலக்கற நாளு."

வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வியாழக்கிழமை அந்தியில் குத்துவிளக்கையும் செம்பையும் தட்டையும் புளி போட்டுத் துலக்கி வைக்காத வீடு அந்த ஊரில் இல்லை. அதோடு சேர்ந்து இதுவும் போயிருக்கும் என்று அர்த்தநாரி நினைத்துக்கொண்டார்.

"கழுவின காசுக்கு நான் ஒண்ணும் சொல்றதில்லீங்க. இனிமேத் துலக்காம வெச்சிருந்து அடுத்த வாரம் வாங்க."

"சரிங்க" என்றாள். அடுத்த வாரம் வந்தாள். காசு மறுபடியும் அதே சிவப்பாகப் பளபளத்தது. "அடுத்த வாரம் வாங்க" என்றார். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். காசைப் பார்க்க அரை நிமிஷம் போதும். மிச்ச நேரம், கம்பெனிச் சங்கு ஊதுகிற வரைக்கும், மெஷின் ஊசி உடைந்ததையும், ஆற்று மணலில் மயில் நடந்து போனதையும், சுப்பராயன் தன் அப்பாவைக் கேட்டுவிட்டுத்தான் பருப்புக்கு விலை வைக்கிறார் என்பதையும் அவள் சொல்லுவாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஸ்டூல் ஒன்றை அவர் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் துடைத்து வைத்தார். ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் துடைக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

கார்த்திகை முழுக்க நாலு வெள்ளி. மார்கழியில் மூணு. ஏழாவது வெள்ளியன்று காசைக் கையில் வாங்கினபோது அது விரலுக்குக் கனக்கவே இல்லை. சின்னத் தராசில் வைத்துப் பார்த்தார். காலணா இலை மாதிரி ஆகியிருந்தது. பெத்த மனசு கேட்காமல் பாவாத்தாள்தான், பையன் முகம் வந்துவிடுமோ என்ற பயத்தில், வாராவாரம் விளக்கோடு சேர்த்து இதையும் தேய்த்துவிடுகிறார் என்று அர்த்தநாரிக்குத் தோன்றியது. ஆனால் அதை மருமகளிடம் எப்படிச் சொல்வது?

"அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. இனிமேக் கழுவின காசைக் கொண்டுட்டு வராதீங்க" என்றார்.

துளசிமணியின் முகம் சட்டென்று மாறியது. காசை எடுத்து மூடிக்கொண்டு, மயிலைப் பற்றியோ ஊசியைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கினாள்.

மார்கழி கடைசி வெள்ளி அவள் வரவில்லை. அர்த்தநாரி துடைத்து வைத்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே அன்றைக்கு ஒருத்தருடைய பெரியப்பாவைச் சித்தி என்று சொல்லிவிட்டார், தெளிவைத் தேய்வு என்றார், காசைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கழுத்தைக் காணோமே என்றார். "அண்ணனுக்கு இன்னைக்குக் கண்ணு சரியில்லை" என்று வரிசை கலைந்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கின பிறகு, படியில் ஒரு கைத்தடிச் சத்தம் ஏறி வந்தது. பாவாத்தாள்.

"இத்தன படியா? காசு பாக்கறவன் கீழ உக்காந்து பாத்தா ஆகாதா?"

"வெயில் மேலதானுங்கம்மா நல்லா வரும். உக்காருங்க." ஸ்டூலை நகர்த்தினார். பாவாத்தாள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை அர்த்தநாரி நின்றார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்க. உங்க மனசு எனக்குப் புரியுதுங்க. ஆனா வெளக்கோட சேத்து அந்தக் காலணாவையும் நீங்க துலக்கறது..."

"நானா?"

பாவாத்தாள் சிரித்ததில் கைத்தடி கீழே விழுந்தது.

"என்ற கண்ணு மங்கி மூணு வருசமாச்சு. குத்துவெளக்கு எது, செம்பு எதுன்னு தெரியாதவகிட்ட வெளக்குத் துலக்கற வேலையை எவ குடுப்பா? எல்லாம் அவதான். பொழக்கடையில உக்காந்து, வெளக்கைத் தேச்சா ஒரு சத்தம், காசைத் தேச்சா ஒரு சத்தம். எனக்குக் கேக்காதா?"

"அம்மிணியா? அவங்க எதுக்குங்க?"

"ஏண்டா அர்த்தநாரி, ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால இருந்தவன் மூஞ்சியெல்லாம் உனக்குத் தெரியுது. எதுத்தாப்ல உக்காந்திருக்கறவ மூஞ்சி தெரியலையா? காசுல மொகம் வந்துட்டா, அப்புறம் எந்தச் சாக்கை வெச்சுக்கிட்டு அவ இந்தப் படியேறுவா?"

அர்த்தநாரி குனிந்து கைத்தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஊரே உன்னை அண்ணா அண்ணாங்குது. பல்லு போன கெழவிககூட உன்னை அண்ணாங்கறாளுக. அவ ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, உன்னை அண்ணான்னு கூப்பிட்டிருக்காளா?"

ஏழு வெள்ளிக்கிழமைகளையும் அர்த்தநாரி ஒவ்வொன்றாக எடுத்து மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். ஏனுங்க, ஏனுங்க, ஏனுங்க என்றுதான் ஏழு பக்கமும் இருந்தது.

"அப்ப... உங்க பையன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

பாவாத்தாள் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். "கண்ணுதான போச்சு, வெரல் போகலையே. மொத வாரமே, அவ துலக்கறதுக்கு முந்தியே, கடுகை அலசி எடுத்துத் தடவிப் பாத்தேன். அவன் மூக்குத் தட்டுப்பட்டுச்சு. அப்பவே அழுது முடிச்சுட்டேன்."

"தெரிஞ்சும் ஏனுங்கம்மா தடுக்கலை?"

"எதுக்குத் தடுக்கோணும்? வியாழக்கெழமை அவ அழிச்சிருவா. திங்கக்கெழமை வரைக்கும் ஒண்ணுமிருக்காது. செவ்வாக்கெழமை காது வரும். புதங்கெழமை மூக்கு வரும், தாவாக்கட்டை வரும். அவ வேலைக்குப் போனப்புறம் நான் வெரல வெச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். ஊர்ல எல்லாப் பெத்தவளுக்கும் புள்ளை ஒருக்காத்தான் வந்தான். எனக்கு வாராவாரம் வந்தான்." நீட்டின விரலை மடக்கிக்கொண்டார். "அவனும் எத்தன தடவைதான் பாலம் ஏறி வருவான், பாவம். காசு எலையாட்டம் ஆயிருச்சு. இன்னும் நாலு வாரம் போனா அவன் வந்து உக்கார எடமிருக்காது. வர்ற வெள்ளிக்கெழமை நானே அவளைக் கூட்டியாறேன். துலக்காம."

தை முதல் வெள்ளி. விஷயம் எப்படியோ ஊருக்குத் தெரிந்திருந்தது. ஏற்கெனவே தெளிந்துபோன அப்பாக்களையும் அம்மாக்களையும் எடுத்துக்கொண்டு, இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்ற சாக்கில் பாதி ஊர் படியில் உட்கார்ந்திருந்தது. பாவாத்தாள் கைத்தடியைத் தட்டினார்.

"உங்கூட்டுச் செத்தவங்களை உங்கூட்டுல போயிப் பாருங்க சாமி. இங்கென்ன கூத்தா நடக்குது?"

அண்ணன் தம்பி இருவரும் தங்கள் அரை ரூபாயோடு எழுந்தார்கள், மாமியாரைக் கவிழ்த்து வைக்கிறவள் எழுந்தாள், கடைசியாகச் சுப்பராயன், "எங்கப்பனுக்குத்தான் பாக்கோணும்னு ஆசையா இருந்துச்சு" என்று காசின் மேல் பழியைப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அறையில் மூன்று பேர்.

துளசிமணி கையைத் திறந்தாள். காலணா பழையபடி காப்பிக்கொட்டை நிறத்துக்குத் திரும்பியிருந்தது.

"மொத வாரம் பயத்துலதானுங்க தேச்சேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மிச்ச ஆறு வாரம்..."

அர்த்தநாரி காசை விளிம்போடு பிடித்து, எட்டு மணி வெயிலில் சாய்த்தார். அவ்வளவு மெல்லிய செம்பில், ஏழு தரம் துலக்கின இடத்தில், குழந்தைவேலு வந்திருந்தார். ராஜா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாரோ அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டீ வாங்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல, பாதி திரும்பியிருந்தார். காது தெரிந்தது. மூக்கு தெரிந்தது. புருவம் இருக்கிறது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அர்த்தநாரி லென்ஸை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். தெளிவு என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், எல்லாம் ஆரம்பித்தும் விடும். நாக்கு அந்த வார்த்தைக்குத் தயாராக இருந்தது. அது அவ்வளவு தயாராக இருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"என்ன தரமுங்க?" என்று கேட்டாள் துளசிமணி.

அவர் காசை மேஜைமேல் வைத்துவிட்டு, லென்ஸையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

"என்னால சொல்ல முடியாதுங்க அம்மிணி. என் காசுக்கு நான் தரம் சொல்றதில்லீங்களே."

"இது எங்கூட்டுக்காரர் காசுங்க."

"காசு அவருதுதானுங்க" என்றார் அர்த்தநாரி. "ஆசை என்னுதுங்க."

கீழே கொசுவலைக் கடையில் யாரோ வலையை உதறுகிற சத்தம் கேட்டது. வெயில் மேஜைமேல் ஒரு விரற்கடை நகர்ந்தது. துளசிமணி தலையைத் தூக்கவில்லை, ஆனால் பதினோரு வருஷமாக அவள் தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது போலத் தோள்கள் இறங்கின.

"ரெண்டு பேரும் நவுருங்க" என்றார் பாவாத்தாள். "பாக்க வேண்டியவ பாக்கறேன்."

காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தடவினார். நெற்றியிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து உதட்டுக்கு, உதட்டிலிருந்து தாவாக்கட்டைக்கு. அவசரமில்லாமல், எண்ணெய் தேய்த்துக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுகிற கைபோல அந்த விரல் போய் வந்தது.

"பொறந்தமேனி" என்றார்.

அர்த்தநாரியின் கண்ணுக்கு அது புருவம் தேய்ந்த காசுதான். ஆனால் அந்த வார்த்தைக்கு அந்த அறையில் அவரைவிடப் பாத்தியப்பட்டவர் ஒருத்தர் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தது.

"கையில வாங்கறப்ப எப்படி இருந்தானோ அப்படியே இருக்கான்" என்று பாவாத்தாள் காசை முந்தானையில் முடிந்தார். துளசிமணியின் கை தானாக நெற்றிப் பொட்டுக்குப் போவதை வளையல் சத்தத்திலேயே கண்டுபிடித்தவர் போல, கைத்தடியை நீட்டித் தடுத்தார். "அழிச்சதெல்லாம் போதும். அது இருக்கட்டும். நான் இவனைக் கூட்டிட்டு ஆத்துப் பக்கம் போயிட்டு வர்றேன், அவன் மணலைப் பாத்து எத்தன நாளாச்சு."

தடிச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி, கடையைத் தாண்டி, மணலில் பட்டதும் கேட்காமல் போனது.

துளசிமணி ஜன்னல் பக்கம் நின்றாள். வெயில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"ஏனுங்க, இனி என்கிட்டக் காசு இல்லீங்களே" என்றாள். "அடுத்த வெள்ளிக்கெழமை என்னத்தைக் கொண்டாரது?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. கையை வீசிட்டு வாங்க."

பாலத்துக்கு அந்தப் பக்கம் கம்பெனிச் சங்கு ஊதியது. துளசிமணி படியிறங்கினாள். அர்த்தநாரி ஜன்னலில் நின்று பார்த்தார். ஏழு வெள்ளிக்கிழமையும் வலது கையை இறுக்கி மூடிக்கொண்டே அந்தப் பாலத்தில் போனவள், இன்றைக்கும் பாதிப் பாலம் வரைக்கும் பழக்கதோஷத்தில் மூடிக்கொண்டே நடந்தாள். அப்புறம் ஞாபகம் வந்தது போல நின்றாள், விரல்களைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்து போனாள்.